பதினெட்டு வயதுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்

தங்கச்சி, பதினேழு வயது ஓட்டிசப் பிள்ளையோடு ரொறன்ரோ வந்திருக்கிறீர்கள். குடியிருக்க ஸ்காபுறோவா பிரம்ரனா, குளிருக்கு என்ன வாங்குவது, மகனுக்கு என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டையும் குளிரையும் உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் மகனைப் பற்றியே எழுதுகிறேன்.

இங்கே பதினெட்டாவது பிறந்தநாள்தான் பெரிய கண்டம். ஒன்ராறியோ மாகாணத்தின் ஓட்டிசத் திட்டம் அதோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கான உதவி தானாக வராது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கான உதவிகளைக் கவனிக்கும் டிஎஸ்ஓ அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். 16 வயதிலேயே பதியலாம் என்பதால் நாளைக்கே தொலைபேசி எடுங்கள். உளவியலாளரின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். தனியாரிடம் எடுத்தால் கைக்கு எட்டாத செலவு. பள்ளியிடம் விடாமல் கேளுங்கள். 21 வயது வரை பள்ளியில் இருக்கலாம், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மாகாண அரசு தரும் ஓடிஎஸ்பி மாதப் பணத்துக்குப் பதினேழரை வயதில் விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளி வரிச்சலுகை கிடைத்தால் ஆர்டிஎஸ்பி என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான நீண்டகாலச் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கம் வாழ்நாளில் 70,000 டொலர் வரை மானியம் தரும்.

டிஎஸ்ஓ நேர்காணலில் வெட்கம் பார்க்காதீர்கள். ஒரு தாய்க்குத் துணையாகப் போயிருந்தேன். “தானாகக் குளிப்பாரா?” என்று கேட்டார்கள். “குளிப்பான்” என்றார் அவர். வீட்டில் தகப்பன் கதவருகே நின்று, “இனி சவர்க்காரம், இனி தலை, இனி தண்ணீரை நிறுத்து” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் சொல்லுங்கள் என்று நான் இடித்த பிறகுதான் சொன்னார். பிள்ளையைக் கலியாண வீட்டுக்கும் கூட்டிப் போகாமல் மறைத்தே பழகிய சனம் நாங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நாங்கள் வந்த காலத்தில் சொல்லித்தர ஒருவரும் இல்லை. நிலக்கீழ் வீடு, மகன் இரவில் குதித்தால் மேலே இருப்பவர் தரையில் தட்டுவார். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிவத்தையும் நானே நிரப்பினேன். அதில்தான் என் ஆங்கிலம் வளர்ந்தது. இன்று அவன், பெரியவர்களுக்கு உதவியாளர் வைக்க அரசு பணம் தரும் ‘பாஸ்போர்ட்’ திட்டத்தில் உதவியாளரோடு நீச்சலுக்குப் போகிறான்.

இன்னொன்று. “என் பிள்ளையை வெளி இல்லத்தில் விடமாட்டேன்” என்று எல்லோரையும் போல நீங்களும் சொல்வீர்கள். இருந்தாலும் பராமரிப்பு இல்லத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயரைக் கொடுங்கள். அது பல வருடம் நீளும். பெற்றோரால் முடியாமல் போனபின், இடமில்லாமல் மருத்துவமனையிலும் சிறையிலும்கூட வைக்கப்பட்டவர்களைப் பற்றி 2016இல், அரசு சேவைகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மனே அறிக்கை வெளியிட்டார். அழைப்பு வரும்போது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.