உப்பளத்து வெயிலும் கண்ணில் வளரும் சதையும்

கேள்வி: பல வருடங்களாக உப்பளத்தில் வேலை செய்யும் என் அப்பாவுக்கு, மூக்கை ஒட்டிய கண்ணோரத்திலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்கிறது. புரை என்கிறார்கள். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கம் மட்டும் ஏன்?
- வாசகி, வேதாரண்யம்

பதில்: புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் விழுவது. நீங்கள் சொல்வது வெளியே வெண்படலத்தில் (கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடிய மெல்லிய சவ்வில்) வளரும் ‘டெரிஜியம்’ போலத் தெரிகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்தான் முதல் குற்றவாளி. தூசியும் காற்றும் கூட்டாளிகள்.

மூக்குப் பக்கம் ஏன் என்பது நல்ல கேள்வி. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1993-இல் முன்வைத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவு பூதக்கண்ணாடிபோல எதிர் ஓரத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில், குவிக்கிறது. அங்கே கதிரின் செறிவு ஏறத்தாழ 20 மடங்காகிவிடும்! மறுபுறம் குவியாதபடி மூக்கே மறைத்துவிடுகிறது.

சதை ஏறஏறக் கருவிழியின் வளைவு மாறும், பார்வை கலங்கும். தலைப்பாகை மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும், பாத்தியிலிருந்து எதிரொளிப்பதை அல்ல. பக்கவாட்டையும் மூடும், ‘யுவி 400’ என்ற புறஊதாக் கதிர்த் தடுப்புள்ள கண்ணாடி வேண்டும். வெறும் கறுப்புக் கண்ணாடிக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம். நேரில் காட்டுங்கள். அறுவை தேவைப்பட்டால், சதையை வெட்டிய இடத்தில் அவருடைய வெண்படலத்தையே எடுத்து ஒட்டுவார்களா என்று கேளுங்கள். வெறுமனே வெட்டினால் மறுபடி வளரும் வாய்ப்பு மிக அதிகம்.