கப்பல் நிற்கும் நாளில் கடற்கரை கிளப்

கேள்வி: எங்கள் சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் 8 மணி நேரம் நிற்கும். 4 வயதுக் குழந்தையோடு கடற்கரை கிளப்புக்கு (கட்டணம் கட்டிக் கடற்கரையில் பொழுதைக் கழிக்கும் இடம்) போய்வர முடியுமா?

பதில்: தாராளமாக. ஆனால் கையில் 5 மணி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதும் போய்வருவதும் மீதியைத் தின்றுவிடும். பலர் ஏமாறுவது கடிகாரத்தில்தான். கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடலாம். கப்பலோ தன் நேரப்படியே கிளம்பும். இறங்கும் முன்பே கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வையுங்கள். ஏறுவதற்கான கடைசி நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு. அதற்கும் ஒன்றரை மணி முன்னதாகக் கிளப்பை விட்டு வந்துவிடுங்கள். சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

கட்டணத்தில் சாப்பாடு, குடை, சாய்வு நாற்காலி அடக்கமா, ஆழமில்லாத குளம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கையில் மாட்டும் காற்று மிதவையை நம்பவே வேண்டாம், கழன்றுவிடும். குழந்தை தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.