மூடி போடுங்கள், அதற்கு முன் வாளியைக் கவனியுங்கள்

கேள்வி: ஐயா, உட்லண்ட்ஸில் நாலறை வீட்டில் இருக்கிறோம். வரவேற்பறையில் 3 அடி மீன் தொட்டி, சுமார் 160 லிட்டர் பிடிக்கும். நியோன் டெட்ரா ஒரு கூட்டம், 6 ஹேட்செட், 5 ரெயின்போ வளர்க்கிறேன். வாரந்தோறும் சனிக்கிழமை மாலை பாதி நீரை மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் நன்றாக அலசிப் போடுவேன். புது நீரை முந்தின நாளே வாளிகளில் பிடித்து வைத்துவிடுகிறேன். அப்படியும் ஒரே மாதத்தில் 2 ஹேட்செட், 1 ரெயின்போ வெளியே குதித்துச் செத்துவிட்டன. மூன்றும் ஞாயிறு காலையில்தான் தரையில் கிடந்தன. கடைக்காரர் ஒரு மேசைக்கரண்டி உப்பும், மீனைச் சாந்தப்படுத்தும் மருந்து என்று 28 வெள்ளிக்கு ஒரு பாட்டிலும் வாங்கச் சொல்கிறார். கண்ணாடி மூடி நல்லதா, வலை மூடி நல்லதா? மீன்கள் தற்கொலை செய்துகொள்ளுமா என்று மகன் கேட்கிறான்.

பதில்: மீன்கள் தற்கொலை செய்துகொள்ளாது என்று மகனிடம் சொல்லுங்கள். தண்ணீருக்குள் இருக்க முடியாமல் போனால் மேலே வரும். மேலே வந்தபின் ஏதாவது அதிர்ந்தால் தாவும். அந்தப் பக்கம் தரை இருப்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் மூடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்று மீனும் நீர் மாற்றிய மறுநாள் காலையில்தான் கிடந்திருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூடி இல்லாதது எல்லா நாளும்தான். புதன்கிழமை ஒன்றுகூடக் குதிக்கவில்லையே?

குழாய் நீரை ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது ஊரில் பாட்டன் காலத்துப் பழக்கம். வெறும் குளோரின் கலக்கும் ஊருக்கு அது சரி. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்பும் நீரில் கிருமி நீக்கத்துக்கு இருப்பது குளோரமைன், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள். குழாய்களில் நெடுந்தூரம் போனாலும் கலையாமல் நிற்க வேண்டும் என்றுதான் அதைக் கலக்கிறார்கள். அப்படிப்பட்டது உங்கள் வாளியில் ஓர் இரவில் ஆவியாகிப் போய்விடாது. வாளியைத் திறந்தபடி மறந்துவிட்டால் கொசு முட்டையிடும், தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

குளோரமைன் செவுளைத் தாண்டி நேரே இரத்தத்தில் கலக்கும். அங்கே ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாததாக்கிவிடும். நீரில் ஆக்சிஜன் இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். நம் வீட்டு நீர் 30 டிகிரியைத் தொடும்போது முழுக்கக் கரைந்தாலும் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும். 20 டிகிரி நீரில் அது 9 மில்லிகிராம். விடியற்காலையில், குறிப்பாகச் செடி வைத்த தொட்டியில், இதுவும் குறையும். அந்த நேரத்தில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். வீட்டில் யாராவது எழுந்து பளிச்சென்று விளக்கைப் போட்டால் ஒன்று தாவிவிடும்.

இதற்கு மேல் நீங்கள் பஞ்சைக் குழாய் நீரில் வேறு அலசுகிறீர்கள். மீன் கழிவில் வரும் நச்சான அமோனியாவைத் தின்று தொட்டியைக் காக்கும் பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. அதைக் குளோரமைனில் கழுவிவிட்டு, அதே மாலையில் அமோனியா கலந்த நீரையும் ஊற்றினால் ஒரே நாளில் இரண்டு அடி. பஞ்சு வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுத்த பழைய நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். அதையும் நீர் மாற்றாத நாளில் செய்யுங்கள்.

இனி ஆன்டி குளோரின், அதாவது குழாய் நீரிலுள்ள குளோரினை முறிக்கக் கடையில் விற்கும் மருந்து. மலிவான பாட்டில்களில் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்த நீர்தான் இருக்கும். அது கெட்ட பொருளன்று. குளோரமைனிலிருந்து குளோரினை முறித்துவிடும், ஆனால் அமோனியாவை அப்படியே விட்டுவிடும். அமோனியா எவ்வளவு கடிக்கும் என்பது பிஎச் அளவை, அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைப் பொறுத்தது. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் 7 பங்குக்கு மேல் இருக்கும். நம் குழாய் நீர் சற்றே காரப் பக்கம் சாய்ந்தது. அதனால் பாட்டிலின் முதுகைப் படியுங்கள். ‘குளோரமைன்’, ‘அமோனியா’ இரண்டையும் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். சில பாட்டில்களில் குளோரினுக்கு ஓர் அளவும் குளோரமைனுக்கு அதைவிடக் கூடுதலான அளவும் போட்டிருக்கும். உங்களுக்குக் கூடுதல் அளவுதான்.

வாளியில் முதலில் மருந்தை விட்டுக் கலக்கி, ஓரிரு நிமிடம் கழித்து ஊற்றுங்கள். குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டு நிரப்புவதானால் ஊற்றும் நீருக்கு மட்டும் கணக்குப் போடாமல் 160 லிட்டருக்கும் மருந்தைப் போட்டுவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். பாதி மாற்றுவதை நிறுத்திவிட்டு வாரம் 40 லிட்டர் மாற்றினால் போதும். அன்று இரவு ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும்.

கடைக்காரரின் உப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி உப்பு 15 முதல் 18 கிராம். 160 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 0.1 கிராம் வரும். மீனுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சாந்தப்படுத்தும் மருந்து வேண்டவே வேண்டாம். மூச்சு முட்டுகிற மீனைச் சாந்தப்படுத்தி என்ன பயன்? அந்த 28 வெள்ளியில் அமோனியாச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள், பச்சையாக நிறம் மாறும் சாலிசிலேட் வகையாகப் பார்த்து. ஒன்றை நினைவில் வையுங்கள்: அமோனியாவைக் கட்டிப்போடும் மருந்து ஊற்றிய பிறகும் சோதனையில் நிறம் காட்டும். பதறி மறுபடி நீர் மாற்ற வேண்டாம்.

மூடிக்கு வருகிறேன். ஹேட்செட் வைத்திருப்பவருக்கு மூடி கட்டாயம். தென்னமெரிக்க ஓடைகளில் துரத்துபவரிடமிருந்து நீர்ப்பரப்பைத் தாண்டித் தப்பும் மீன் அது. நெஞ்சு அவ்வளவு ஆழமாக இருப்பதே துடுப்பை அடிக்கும் தசைகள் அங்கே இருப்பதால்தான். நீர் பளிங்காக இருந்தாலும் ஒரு நாள் தாவும். ரெயின்போ ஒன்றையொன்று துரத்தும்போது தவறிப் போகும்.

கண்ணாடி மூடி சூட்டை உள்ளே அடைக்கும். உங்களுக்கு வலைதான் சரி. ஜன்னல் வலைக்கு விற்கும் அலுமினியச் சட்டத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள நிறமற்ற வலையை இழுத்துக் கட்டுங்கள். மேலே சின்னக் கவ்வு விசிறி ஒன்றை வைத்தால் ஆவியாகும் நீரே 2 டிகிரி வரை இறக்கிவிடும். குறையும் நீரை ஈடுகட்ட ஊற்றுவதற்கும் ஆன்டி குளோரின் போட வேண்டும். ஃபில்டர் குழாய் நுழையும் பின்மூலையை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் நழுவும். ஒரு சென்டிமீட்டர் சந்து கிடைத்தாலும் ஹேட்செட் வெளியே வந்துவிடும். குழாயைச் சுற்றி ஸ்பாஞ்சை வெட்டி அடையுங்கள். நீர்மட்டம் விளிம்புக்கு 6 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும்.

அடுத்த முறை தரையில் கிடப்பதைப் பார்த்தால் காய்ந்துவிட்டது என்று உடனே குப்பையில் போடாதீர்கள். செவுள் ஈரமாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு எடுத்து, தொட்டி நீரிலேயே, ஏர் பம்ப் குமிழிக்குப் பக்கத்தில் விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். குழாய் நீரில் கழுவவே கூடாது. தப்பினாலும் மூன்று நாள் பூஞ்சைக்காகக் கவனியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை நீர் மாற்றுவதற்கு முன்பும், ஞாயிறு காலை விளக்குப் போடுவதற்கு முன்பும் அமோனியா, பிஎச், வெப்பநிலை மூன்றையும் குறித்து எழுதி அனுப்புங்கள். மூடிக்குக் கீழேயும் மீன்கள் தலை முட்டிக்கொண்டிருந்தால், தொட்டியில் எத்தனை நியோன் இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘ஒரு கூட்டம்’ என்பது எனக்கு எண்ணாகத் தெரியவில்லை.