திமிங்கில வேட்டை நிலையங்களில் வேலை பார்த்தவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? அவர்களுக்குள் நட்பு இருந்ததா?

பயணிகள் கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது, அண்டார்டிகா பக்கம் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். இறங்குமுன் பூட்ஸின் அடிப்பள்ளங்களை ஊக்கால் நோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது.

அங்கே கிரிட்விக்கன் என்ற இடத்தில் 1904இல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் நிலையம் தொடங்கினார். 1960களின் நடுவில் மூடிவிட்டார்கள். கோடையில் 300 பேர் வரை இருப்பார்கள், பெரும்பாலும் நார்வேக்காரர்கள். 12 மணி நேர ஷிப்ட்.

அவர்கள் போட்டதும் பூட்ஸ்தான், ஆனால் அடியில் ஆணி வைத்தது. கொழுப்பும் ரத்தமும் ஓடும் மரத்தளத்தில் வேறு எதைப் போட்டாலும் வழுக்கும். வின்ச் என்ற கம்பி சுற்றும் இழுவை இயந்திரம் திமிங்கிலத்தைச் சரிவில் இழுத்து மேலேற்றும். ஹாக்கி மட்டை போல வளைந்த, நீளக் கைப்பிடி வைத்த கத்தியால் தலை முதல் வால் வரை கீறுவார்கள். கீறிய பட்டையில் கம்பி மாட்டி வின்ச் இழுத்தால், கொழுப்பு வாழைப்பழத் தோல் போல உரிந்து வரும். கைதேர்ந்தவர்களுக்கு ஒரு திமிங்கிலத்தை உரிக்க 20 நிமிடம் போதுமாம். வெட்டுகிறவன் விலகுமுன் வின்ச்காரன் அவசரப்பட்டால் தொலைந்தது. அதனால் அவர்களுடைய நட்பு முதலில் இந்த நம்பிக்கையில்தான் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிகளுக்கு நடுவே வேலை பார்த்த எனக்கு அது புரிகிறது. அப்புறம் காசு: கொழுப்பைக் காய்ச்சினால் எண்ணெய் எவ்வளவு வடிகிறதோ அதற்கேற்ப எல்லோருக்கும் போனஸ். ஒருத்தன் சோம்பினால் அடுத்தவன் பையில் குறையும்.

நாள் முழுக்க சங்குச் சத்தக் கணக்குதான். 1916இல் அண்டார்டிகா ஆய்வுப் பயணி ஷாக்கில்டன் உதவி தேடி மலை தாண்டி வந்தபோது, மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்ததே பக்கத்து நிலையமான ஸ்ட்ராம்னஸில் காலை 7 மணிக்கு ஊதிய சங்கால்தான்.

ஓய்வுக்கு 1913இல் கட்டிய தேவாலயம், 1930இல் வந்த சினிமாக் கொட்டகை, நிலையத்துக்கு நிலையம் கால்பந்துப் போட்டி. சாராயம் தடை. தடை என்றால் என்ன, திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள்.

இதையெல்லாம் ரசித்துச் சொல்லும்போதே ஒன்று உறுத்துகிறது. அந்தத் தீவின் நிலையங்களில் மட்டும் மொத்தம் 1,75,000 திமிங்கிலங்களை வெட்டியிருக்கிறார்கள். இப்போது துருப்பிடித்த கொதிகலன்களுக்கு இடையே யானைச் சீல்கள் படுத்து ஏப்பம் விடுகின்றன.

ஷாக்கில்டன் கல்லறையும் அங்கேதான். பயணிகள் ஆளுக்குக் கொஞ்சம் விஸ்கி குடித்துவிட்டு மிச்சத்தை அவருக்கு ஊற்றுவார்கள். சுற்றிலும் வேட்டைத் தொழிலாளர்களின் கல்லறைகள், அங்கே யாரும் நிற்பதில்லை. எங்கள் பேக்கர் ஒரு கோப்பையை வாங்கிப் போய்ப் பக்கத்துக் கல்லறையில் ஊற்றினான். அவர்களுக்குச் சாராயம் தடை என்று அவனிடம் கப்பல் ஏறின பிறகுதான் சொன்னேன்.