புரோப்பை மாற்றினால் 0.03 சரியாகிவிடுமா?

கேள்வி: பினாங்கின் புக்கிட் மின்யாக்கில் சிறு பட்டறை நடத்துகிறேன். எங்கள் மெஷினிங் சென்டரின் (கணினி கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரம்) ஸ்பிண்டிலில், அதாவது வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழலும் தண்டில், பொருத்தும் தொடு புரோப் (தொட்டு அளக்கும் கருவி) ஒன்றை வாங்கினோம். அது 200 மில்லிமீட்டர் என்று சரியாகக் காட்டும் அலுமினியத் தகடு, பாயான் லெப்பாஸ் வாடிக்கையாளரின் சிஎம்எம் என்னும் துல்லிய அளவீட்டு இயந்திரத்தில் 0.03 மில்லிமீட்டர் குறைவதாகத் திரும்பி வருகிறது. விற்ற முகவர் விலை கூடிய புரோப்புக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். ஸ்டைலஸின் (புரோப்பின் தொடும் ஊசி) முனை தகட்டைத் தொட்ட கணத்தில் சமிக்ஞை அனுப்புவதோடு புரோப்பின் வேலை முடிந்துவிடுகிறது. தொட்ட இடம் எது என்பதை உங்கள் இயந்திரத்தின் அச்சுகளே (அதன் நகரும் பாகங்களே) சொல்கின்றன. நல்ல தயாரிப்பாளரின் சாதாரண புரோப்பே ஒரு புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொடும்போது ஏறத்தாழ 1 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒத்துப்போகும். 30 மைக்ரான் பிழையை அதன் தலையில் கட்டுவது முகவருக்கு வசதி.

நான் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகிப்பேன். நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. சிஎம்எம் அறையை அதற்கேற்பவே வைத்திருப்பார்கள். குளிரூட்டி இல்லாத பினாங்குப் பட்டறையில் பிற்பகல் 32 டிகிரி என்பது சாதாரணம். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரி ஒன்றுக்குச் சுமார் 23 மைக்ரான் நீள்வதால், உங்கள் தகடு அங்கே 55 மைக்ரான் நீண்டிருக்கும். இயந்திரம் நீளத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் எஃகுத் திருகுத் தண்டும் கூடவே நீள்வதால் அதில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மீதிப் பாதி, அதாவது உங்களைத் தொல்லைப்படுத்தும் அந்த 0.03, தகடு வாடிக்கையாளரின் அறையில் குளிர்ந்த பிறகு வெளிப்படுகிறது.

உறுதிசெய்துகொள்ள, அதே தகட்டில் சிறிய அகலம் ஒன்றையும் துளை ஒன்றையும் இரு இடங்களிலும் அளந்து ஒப்பிடுங்கள். நீளத்தோடு பிழையும் வளர்ந்தால் வெப்பமோ அச்சோ காரணம். எந்த நீளத்திலும் பிழை ஒரே அளவாக இருந்து, வெளி அகலம் ஒரு பக்கமும் துளை அதற்கு எதிர்ப் பக்கமும் விலகினால், ஸ்டைலஸ் முனையிலுள்ள கோளத்துக்கு இயந்திரத்தில் பதிவான விட்டம் தவறு. விட்டம் துல்லியமாகத் தெரிந்த வளையமான ரிங் கேஜ் வைத்து, பிறகு அளக்கப்போகும் அதே வேகத்தில், மீண்டும் அளவுத்திருத்தம் செய்தால் தீரும்.

புரோப் இருந்தால் சிஎம்எம்முக்குச் செலவழிக்க வேண்டாம் என்று இந்த முகவர்கள் சொல்வதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். வெட்டியதும் அதே அச்சு, சரிபார்ப்பதும் அதே அச்சு என்றால் அது வேலிக்கு ஓணான் சாட்சி. அச்சு கோணலாக நகர்ந்தால் கோணலாகவே வெட்டி, சரி என்று கையெழுத்தும் போட்டுவிடும். பெட்டியோடு வரும் அளவுத்திருத்தச் சான்றிதழையும் நம்பிவிடாதீர்கள்: இந்த ஸ்டைலஸ் இந்த ஸ்பிண்டிலில் எப்படித் தொடுகிறது என்பதை வேறெங்கோ அச்சடித்த தாள் சொல்லாது. தணிக்கைக்கு வருபவர்களோ ஒட்டுச்சீட்டின் தேதியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். ரிங் கேஜ் எங்கே என்று கேட்பவர் அரிது.

ஆனால் ஒரு வழியில் ஸ்பிண்டில் புரோப்பின் அளவை நம்பலாம். அதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். அதே அலுமினியத்தில், அதே அளவில் ஒரு தகட்டைச் செய்து, ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியாவின் சாம் (SAMM, ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் அளந்து வாங்குங்கள். அங்கீகாரம் நீள அளவுக்கும் உண்டா என்று அதன் பட்டியலைப் பார்க்கவும். எடைக்கல்லுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் முத்திரை காட்டுபவர்கள் உண்டு. இதுவே உங்கள் மாஸ்டர். இயந்திரத்தின் அருகிலேயே வைத்திருந்து, வேலைத் தகடு கிடந்த அதே இடத்தில், அதே நேரத்தில் பொருத்தி, இரண்டையும் ஒரே நிரலால் அளந்து, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். வெப்பமும் அச்சின் பிழையும் இரண்டிலும் ஒன்றுபோல் இருப்பதால் கழிந்துவிடும். வெட்டி முடித்த சூட்டோடு அளக்காமல், குளிர்நீரையும் சீவலையும் ஊதித் தள்ளி, தகடு மாஸ்டரின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாஸ்டர் எஃகாக இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

முகவர் இன்னும் வற்புறுத்தினால், அவருடைய புது புரோப்பை உங்கள் பட்டறைக்கே, பிற்பகல் 3 மணிக்குக் கொண்டுவந்து, கூடத்தில் அளந்து அளவு தெரிந்த அந்த மாஸ்டரை அளந்து காட்டச் சொல்லுங்கள்.