கிளி பார்த்த சிப்பாய் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய மாங்கா (படக்கதை) ஓவியர் ஷிகெரு மிசுகியைப் பற்றி நீங்கள் ஓர் உரையில் சொன்னதைக் கேட்டுத்தான் அவரைப் படிக்க ஆரம்பித்தேன். கிதாரோ என்ற பேய்ச்சிறுவனின் கதைகளும் போர்க்கதையும் ஆங்கிலத்தில் கிடைத்தன. மூன்று கேள்விகள். அவர்மேல் யாருடைய பாதிப்பு அதிகம்? பின்னணிகளில் அவர் புள்ளி புள்ளியாக வைத்து வரைவதை எப்படிப் பழகுவது? நான் மாங்கா பாணியில் வரைந்தால் நகல் என்று சொல்லிவிட மாட்டார்களா? நான் பகலில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து நான்கு மணிவரை வரைகிறேன். மூன்று மணி நேரம்தான் தூக்கம், இரண்டு வருடமாக இப்படித்தான். எதையாவது பலி கொடுக்காமல் கலை கைகூடாது இல்லையா?

ச.

அன்புள்ள ச.,

போன வாரம் முழுக்க மிசுகியோடுதான் இருந்தேன். 'நோன்நோன்பா'வை மூன்றாவது முறையாகப் படித்து முடித்த மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில். இல்லையென்றால் மற்ற கடிதங்களோடு இதுவும் கிடந்திருக்கும்.

பாதிப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். பட்டியல் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. 18ஆம் நூற்றாண்டில் பேய்பூதங்களை வரைந்து தொகுத்த தோரியாமா செகியென், நாட்டார் கதைகளைச் சேகரித்த யானகிதா குனியோ என்று சொல்லலாம். சரிதான். ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு கிழவி இருக்கிறாள். மிசுகி பிறந்தது 1922இல், வளர்ந்தது தொத்தோரி மாகாணத்தின் கடலோர ஊரான சகாய்மினாத்தோவில். அங்கே அவர்கள் வீட்டோடு பழகிய ஏழைக் கிழவியைத்தான் ஊரார் நோன்நோன்பா என்று கூப்பிட்டார்கள். கூரையின் உட்புறத்தில் கறை தெரிந்தால், அது ராத்திரியில் கூரையை நக்க வரும் ஒன்றின் வேலை என்பாள். இருட்டில் தனியாக நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நின்று "நீங்க முன்னால போங்க" என்று சொல்ல வேண்டும், சத்தம் கடந்து போய்விடும். இந்த ஒன்றுக்காகவே அந்தக் கிழவியைக் கும்பிடத் தோன்றுகிறது. பேயை விரட்டக் கற்றுக்கொடுக்கவில்லை, வழிவிடக் கற்றுக்கொடுத்தாள். அவளைப் பற்றி மிசுகி வரைந்த புத்தகம் 2007இல் பிரான்சின் அங்குலேம் படக்கதை விழாவில் சிறந்த ஆல்பத்துக்கான பரிசை வாங்கியது. மாங்கா ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

புள்ளி வைப்பதற்கு இங்கே பதில் இல்லை. பின்னாளில் அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதியை வைத்தவர்கள் உதவியாளர்கள். யோஷிஹாரு சுகே போன்ற மாங்கா மேதையே அந்தப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்திருக்கிறார். உங்களுக்கும் ஒரு சுகே கிடைத்தால் வையுங்கள்.

நகல் பயமும் வேண்டாம். கிதாரோவே மிசுகியின் சொந்தக் கற்பனை இல்லை. 1930களில் தெருவில் படத்தட்டிகளை மாற்றி மாற்றிக் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்காரர்கள் சொன்ன சுடுகாட்டுப் பிள்ளையின் கதை அது. போருக்குப் பிறகு கோபேயில் மிசுகியும் கமிஷிபாய்க்குப் படம் வரைந்து பிழைத்தார், அங்கே அவர் கைக்கு வந்தது. அதற்குள் ஒற்றைக் கண்ணையும், குளிப்பதற்குக் கிண்ணத்தில் வெந்நீர் கேட்கும் கண்விழி உருவ அப்பாவையும் அவர் வைத்த பிறகு அதை யார் நகல் என்றார்கள்?

சரி. உங்கள் கடிதத்தில் ஒரு சொல் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. பலி.

மிசுகியைப் படித்துவிட்டு இந்தச் சொல்லை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்கே தினமும் தாமதமாகப் போன பிள்ளை. அண்ணனும் தம்பியும் அரைவயிற்றோடு ஓடுவார்களாம். இவர் வேண்டுமட்டும் தூங்கி, நிதானமாகச் சாப்பிட்டு, முதல் பாடவேளை முடிந்த பிறகு போய்ச் சேருவார். முதல் பாடவேளை கணக்கு என்பதால் கணக்கு வரவே இல்லை. பட்டாளத்தில் பிடித்துப் போட்டு எக்காளம் ஊதச் சொன்னார்கள், அதுவும் வரவில்லை. வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். வடக்கா தெற்கா என்றார்கள். குளிர் ஆகாது, தெற்கு என்றார். அந்தத் தெற்கு பசிபிக்கில், நியூ பிரிட்டன் தீவின் ரபவுல்வரை கொண்டுபோய் விட்டது.

அங்கே ஒரு விடியற்காலையில் அவருக்குக் காவல் முறை. தொலைநோக்கியில் கிளிக் கூட்டம் ஒன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். திரும்பிப் போய் மற்றவர்களை எழுப்ப வேண்டிய நேரம் கொஞ்சம் தள்ளிப்போனது. அதற்குள் தாக்குதல் நடந்து, அந்தச் சிறு காவல் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். இவர் கடலில் குதித்து, காட்டில் ஓடி, பல நாள் கழித்து முகாமுக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் கிடைத்தது வசை. எல்லோரும் செத்திருக்க நீ மட்டும் ஏன் பிழைத்து வந்தாய் என்று கேட்டார்கள். அப்புறம் மலேரியா. அந்தக் காய்ச்சலோடு படுத்திருக்கும்போது விமானக் குண்டுவீச்சில் இடது கை போனது. மிச்சம் இருந்த வலது கையால்தான் நீங்கள் படித்த அத்தனையும் வரைந்தார்.

ஜப்பானிய ராணுவத்துக்கு அப்போது ஒரு சொல் இருந்தது, கியோகுசாய். ரத்தினம் உடைந்து சிதறுவதுபோல் என்று பொருள். தோற்பது நிச்சயம் என்று தெரிந்த பிறகும் சரணடையாமல் மொத்தமாக மோதிச் சாவதற்கு இட்ட அலங்காரப் பெயர். மிசுகி 1973இல் வரைந்த போர்க்கதை முழுக்க இதைப் பற்றியதுதான், தொண்ணூறு சதவீதம் உண்மை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஒரு படையே வீரச்சாவு அடைந்துவிட்டதாக மேலிடத்துக்குச் செய்தி போய்விடுகிறது. ஆனால் சிலர் பிழைத்து வந்து நிற்கிறார்கள். அறிக்கையைத் திருத்த முடியாது. ஆகவே ஆட்களைத் திருத்துகிறார்கள். போய்ச் சாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

உங்களுடைய 'பலி' என்ற சொல்லுக்கும் அந்த ரத்தினத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். சாவுக்கு அழகான பெயர் வைப்பவன் பெரும்பாலும் சாகப்போகிறவன் இல்லை. உங்கள் விஷயத்தில் கொடுமை, தளபதியும் நீங்களே, சிப்பாயும் நீங்களே.

போர் முடிந்தது, கியோகுசாய் முடியவில்லை. வாராந்திர மாங்கா இதழ்களின் கெடுவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மிசுகி தன் முதுமையில் ஒரு குட்டிக் கதை வரைந்திருக்கிறார். விருந்து ஒன்றில் பெரும் மாங்கா ஓவியர்களான ஒசாமு டெசுகாவும் ஷோதாரோ இஷிநொமோரியும் தொடர்ந்து எத்தனை ராத்திரி கண்விழித்தோம் என்று போட்டி போட்டுப் பீற்றிக்கொள்கிறார்கள். நான் எவ்வளவு வேலை இருந்தாலும் பத்து மணி நேரம் தூங்கிவிடுவேன் என்கிறார் மிசுகி. இருவரும் சிரிக்கிறார்கள். டெசுகா 1989இல் இறந்தார், வயது 60. இஷிநொமோரி 1998இல் இறந்தார், அவருக்கும் 60. மிசுகி 2015வரை இருந்தார், 93. கடைசித் தொடரை ஆரம்பித்தபோது 91. டெசுகாவுக்கு வந்தது வயிற்றுப் புற்றுநோய், அதைத் தூக்கத்தின் தலையில் கட்ட முடியாது என்று டாக்டர் யாராவது எனக்குக் கடிதம் போடுவார். போடட்டும். நான் சொல்வது நோயைப் பற்றி இல்லை, அந்தப் பீற்றலைப் பற்றி. உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது. "மூன்று மணி நேரம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தான்'.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதே 'தான்' போட்டவன். முப்பத்தொரு வயதில் ஒரு பத்திரிகையில் இரவுப்பணி. முடித்து வந்து விடியும்வரை நாவல். கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன், கேட்காதவர்களிடமும்தான். ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு, நின்றுகொண்டிருந்த பால்வண்டியின் பின்னால் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் விட்டேன். காறையெலும்பு முறிந்தது. கேன்கள் உருண்டு தெருவெல்லாம் பால். வண்டிக்காரர் திட்டுவார் என்று பார்த்தால், என்னைத் தூக்கி நடைபாதையில் உட்காரவைத்து "தூங்கிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கையைத் தொட்டில்கட்டோடு வைத்துக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது எழுதியதை எடுத்துப் படித்தேன். ஆறாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா ஒன்பதாம் அத்தியாயத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பலி கொடுத்து நான் சம்பாதித்த கலை அது.

மிசுகியும் பட்டினி கிடந்தவர்தானே என்று எழுதத் தோன்றும் உங்களுக்கு. கிடந்தார். வாடகைக்கு விடும் மாங்கா புத்தகங்களுக்கு வரையத் தொடங்கியபோதே வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1961இல் கல்யாணம். டோக்கியோவின் புறநகரான சோஃபுவில் குடித்தனம். அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடை. தோல் கறுத்துப்போன மலிவு வாழைப்பழத்தை வாங்கி இருவரும் சாப்பிட்டார்கள். அவர் ஒற்றைக் கையோடு குனிந்து வரையும் முதுகைப் பார்த்துத்தான் அந்த மனுஷி அவரோடு வாழ்வது என்று மனதைத் தேற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். பெரிய இதழில் பரிசு வந்தது 1965இல், நாற்பத்து மூன்று வயதில். அந்த வறுமை வந்து சேர்ந்த வறுமை. அவர் ஆசைப்பட்டு வரவழைத்தது இல்லை. புகழ் வந்து வேலை கழுத்தை நெரித்தபோது ரபவுலுக்குத் திரும்பிப் போனார். கை போன காலத்தில் பழமும் கிழங்கும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட டோலாய் மக்கள் அங்கேதான் இருந்தார்கள். காலையில் கொஞ்ச நேரம் தோட்ட வேலை, மிச்சப் பொழுதுக்குப் பேச்சும் நிழலும். அவருக்குச் சொர்க்கம் என்றால் அதுதான்.

1968இல் கிதாரோ தொலைக்காட்சித் தொடரானபோது பாட்டை அவரே எழுதினார். ஜப்பானில் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியும் அந்தப் பாட்டு. பேய்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை, காலையில் படுக்கையில் குறட்டை. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரும். எழுதியவர் விடியலில் ஆட்களை எழுப்பப் போக வேண்டியிருந்த சிப்பாய்.

உங்கள் படங்கள் நான்கைப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்துக் கிழவியின் கைகள் நன்றாக இருக்கின்றன. மற்ற மூன்றும் தூக்கக் கலக்கம். கண்கள் எல்லாம் ஒரே கண். ராத்திரி ஒரு மணி நேரம் வரையுங்கள், போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அதிகாலை 3.47. அடுத்தது காலை பத்து மணிக்குமேல் வரட்டும். அதற்கு முன்னால் வந்தால் திறக்க மாட்டேன்.