45 டாலர் டிக்கெட் 63 ஆவது எப்படி?

டல்லாஸில் இசை நிகழ்ச்சிக்கான 45 டாலர் டிக்கெட்டுக்கு, ஆன்லைனில் பணம் கட்டும் கடைசித் திரையில் கட்டணங்கள் சேர்த்து 63 கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும் என்ற எஃப்டிசி (அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு ஆணையம்) விதி 2025 மே 12 முதல் அமலில் இருக்கிறது; அந்த ஆணையத்திடமே புகார் செய்யலாம்.

இந்தக் கட்டணங்களைக் குறைக்க வழி, அரங்கின் பாக்ஸ் ஆபீஸ், அதாவது டிக்கெட் கவுண்டர்தான். பல இடங்களில் அங்கே சர்வீஸ் கட்டணம் கிடையாது, அரங்கக் கட்டணம் மட்டும் தப்பாது. சில மணி நேரமே திறந்திருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள். ஆன்லைன் என்றால் நண்பர்களுக்கும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்: சர்வீஸ் கட்டணம் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஏறும், பிராசஸிங் கட்டணம் பொதுவாக ஆர்டருக்கு ஒருமுறைதான்.

வேறு தளத்தில் தேடிப் பயனில்லை. அரங்குகள் ஒரே நிறுவனத்தோடு பல வருட ஒப்பந்தம் போடுகின்றன, கட்டணத்தில் அவற்றுக்கும் பங்குண்டு. நிகழ்ச்சிகள் நடத்தும் லைவ் நேஷனும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரும் 2010-இல் இணைந்தபின் இந்தப் பிடி இறுகியது என்றுதான் 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது.